கடன் தீர, பெற்றோரும் படிக்கட்டும்



அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடிய தீங்குகளுள் கடனும் ஒன்று. கடனைக் குறித்து இவ்வளவு அதிகமாக ஏன் பாதுகாப்புத் தேடுகிறீர்கள் என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. கடன்பட்ட மனிதன் பேசினால் பொய் சொல்ல நேர்கிறது, வாக்களித்தால் அதை மீற நேர்கிறது என்னும் பொருள்பட அவர்கள் விடையளித்ததாக ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம். பணத்தின் இழப்பைவிட குணத்தின் இழப்பையே நபியவர்கள் சுட்டிக் காட்டினார்கள்.

இதன் பொருளை விளங்கிக்கொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தவணை வசூலிப்பவர் தெருமுனையில் தென்பட்டதும், "அத்தா வீட்டில் இல்லை" என்று சொல்லிவிட்டு வருமாறு பிள்ளையை வாசலுக்கு அனுப்பும் வீடுகள் நம் மஹல்லாக்களில் இல்லையா? காலையில் மக்தபில் பொய் பேசுவது பாவம் என்று ஓதி வந்த பிள்ளை, மாலையில் தன் பெற்றோரின் கட்டளைப்படியே பொய் சொல்கிறது. கடன் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது ரூபாயோடு மட்டும் நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கடனைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் இரண்டு அறிவுரைகளே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஒன்று, ஆடம்பரத்தைக் குறையுங்கள். மற்றொன்று, வட்டியை விட்டு விலகுங்கள். இரண்டும் சரியானவை, மார்க்கம் வலியுறுத்துபவை. ஆயினும், ஆடம்பரமே அறியாத வீடுகளும் கடனில் மூழ்கியிருக்கின்றன. குறைப்பதற்கு ஒன்றும் இல்லாத வீட்டில் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவதால் என்ன பயன்? அங்கே கூட வேண்டியது வருமானம். வருமானம் கூட வேண்டுமானால் உழைப்பவரின் திறனும், அத்திறனுக்கு உலகம் ஏற்கும் சான்றும் கூட வேண்டும். ஆகவே மூன்றாவதாக ஒன்றை நாம் முன்வைக்கிறோம். பிள்ளைகளை மட்டுமன்றி, தாய் தந்தையரையும் மீண்டும் படிக்க வைப்போம்.

வட்டியிலேயே கரையும் வருமானம்

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை ஒரு கடையில் வேலை பார்க்கிறார். மருத்துவச் செலவு, மகளின் திருமணம், வீட்டு முன்பணம் என்று பல காரணங்களால் ஒன்றரை லட்சம் ரூபாய் கடன். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதந்தோறும் 3,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. அந்த வீட்டால் மாதம் 3,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும் என்றால், ஐந்து ஆண்டுகளில் அவர்கள் 1,80,000 ரூபாய் கட்டியிருப்பார்கள். வாங்கிய தொகையைவிட அதிகம் கட்டிய பின்னரும் ஒன்றரை லட்சம் அப்படியே நிற்கும்.

அதே வீட்டின் வருமானம் மாதம் 2,000 ரூபாய் கூடி, அது முழுவதும் கடனுக்குச் சென்றால், அதாவது மாதம் 5,000 கட்டினால், நான்கு ஆண்டுகளுக்குள் கடன் தீர்ந்துவிடும். 4,000 ரூபாய் கூடி, மாதம் 7,000 கட்டினால், ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் தீரும். வட்டிக்கு மட்டும் கட்டும்போது முடிவே இல்லாத கடன், மேலும் சில ஆயிரம் ரூபாய் வந்து சேர்ந்தவுடன் முடிவுள்ள கடனாக மாறிவிடுகிறது. இந்தக் கணக்கை நாம் இங்கே எழுதுவது வட்டிக்கு இசைவு தெரிவிப்பதற்காக அன்று. ஏற்கெனவே அதில் சிக்கியவர்கள் எவ்வளவு விரைவாக வெளியேற வேண்டும் என்பதையும், வெளியேறும் வாசல் எவ்வளவு அருகில் இருக்கக்கூடும் என்பதையும் காட்டுவதற்காகவே.

இன்று நம் பெண்கள் பலரின் பெயரில் இருப்பது குழுக்கடன். நகை இல்லாத, பத்திரம் இல்லாத வீடுகளை நோக்கி அது வாரந்தோறும் வருகிறது. ஒரு குடும்பத்தின் கடன் தவணைகள் அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி இத்தகைய கடன்களுக்கு வரம்பு வகுத்தது. அந்த வரம்பு மீறப்படாவிட்டாலும் பாதி வருமானம் தவணைக்குப் போய்விடுமே! மீதிப் பாதியில் அரிசி, மளிகை, வாடகை, மின்கட்டணம், பள்ளிச் செலவு ஆகியவற்றைச் சமாளிக்க முடியாத வீடு, முதல் கடனைக் கட்ட இரண்டாவது கடனைத் தேடுகிறது.

மேலப்பாளையத்திலும் வாணியம்பாடி, குடியாத்தம் பகுதிகளிலும் பீடி சுற்றும் நம் சகோதரிகளை எண்ணிப் பாருங்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கணக்கு. நேற்றுச் சுற்றத் தொடங்கியவருக்கும் இருபது ஆண்டுகளாகச் சுற்றி விரல் தேய்ந்தவருக்கும் ஆயிரத்துக்கு ஒரே கூலிதான். அனுபவம் கூடக் கூட வருமானம் கூடாத வேலை அது. வயதேற வயதேற கண்ணும் முதுகும் தளர்வதால் வருமானம் குறைவதே நடக்கிறது. கடையில் சரக்கு எடுத்துக் கொடுப்பவருக்கும், சுமை தூக்குபவருக்கும், காலணித் தொழிற்சாலையில் நாள் கூலிக்குப் போகிறவருக்கும் பெரும்பாலும் இதே நிலைதான். இவர்களிடம் உழைப்பில் குறை இல்லை. அந்த உழைப்பின் மதிப்பை உயர்த்தும் கல்விதான் இவர்களுக்குக் கிட்டாமல் போயிற்று.

ஒரு திர்ஹமுக்கு உணவு, ஒரு திர்ஹமுக்குக் கோடரி

அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய நூல்களில் ஒரு செய்தி பதிவாகியுள்ளது. அன்சாரி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். அவர் வீட்டில் இருந்தவை ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும் மட்டுமே. அவற்றைக் கொண்டுவரச் செய்து, தோழர்களிடையே ஏலம் கூறி, இரண்டு திர்ஹமுக்கு நபியவர்கள் விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹமுக்குக் குடும்பத்துக்கு உணவும், மற்றொரு திர்ஹமுக்கு ஒரு கோடரியும் வாங்கச் சொன்னார்கள். கோடரிக்குத் தம் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாள்கள் தம் கண்ணில் படக் கூடாது என்றும் கூறி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார். இச்செய்தியின் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பிறரிடம் கையேந்துவதைவிடக் கயிற்றை எடுத்துக்கொண்டு போய் விறகு சுமந்து விற்பது மேல் என்ற கருத்து ஸஹீஹான ஹதீஸ்களிலேயே நிலைபெற்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்தப் பங்கீட்டை. பசியோடு இருந்த குடும்பம் அது. இரண்டு திர்ஹமும் உணவுக்கே போதாது என்று சொல்லியிருக்கலாம். ஆயினும் அந்த வறுமையிலும் கையிருப்பில் பாதி, நாளைய வருமானத்துக்கான கருவிக்கு ஒதுக்கப்பட்டது. அன்று அந்தக் கருவி கோடரி. இன்று நம் காலத்தில் அது பெரும்பாலும் ஒரு தொழில்திறனாகவும், அதை மெய்ப்பிக்கும் சான்றிதழாகவும் இருக்கிறது.

பத்ருப் போர்க் கைதிகளின் செய்தியையும் நாம் பலமுறை மேடைகளில் கேட்டிருக்கிறோம். மீட்புத்தொகை செலுத்த வசதியற்ற, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள், அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதே அவர்களின் மீட்புத்தொகையாக ஏற்கப்பட்டது. கையில் காசில்லாதவனிடம் இருந்த எழுத்தறிவு அவன் செலுத்த வேண்டிய தொகைக்கு ஈடாயிற்று. கல்வியைக் கொண்டு ஒரு பொறுப்பிலிருந்து விடுபடலாம் என்பதற்கு நம் வரலாற்றிலேயே இருக்கும் முன்மாதிரி இது.

"இந்த வயதில் படிப்பா?"

முப்பத்தைந்து, நாற்பது வயதான ஒருவர் பாடப்புத்தகத்தைத் திறந்தால் முதலில் எழும் கேள்வி இதுதான். சில வேளைகளில் அது கேள்வியாகவும் இராது, கேலியாக இருக்கும். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் பத்தாம் வகுப்பா என்று சிரிப்பார்கள்.

நபித்தோழர்கள் தங்கள் முதிய வயதிலும் கல்வி கற்றார்கள் என்பதை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பின் கல்வி பற்றிய பகுதியிலேயே எடுத்துக் கூறியுள்ளார்கள். மனைவி மக்கள் உள்ளவர்களாக, வணிகமும் வேளாண்மையும் செய்தவர்களாகவே அந்தத் தலைமுறையின் பெரும்பகுதியினர் குர்ஆனைக் கற்றார்கள். முதல் வஹீ ஓதுவதையும் எழுதுகோலையும் பற்றிப் பேசியபோது, அது இறங்கியது நாற்பது வயதில் இருந்த ஒரு தந்தையின் மீது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நாம் நாள்தோறும் ஓதும் துஆ ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. கவலை, துயரம் ஆகியவற்றிலிருந்தும், இயலாமை, சோம்பல் ஆகியவற்றிலிருந்தும், கோழைத்தனம், கருமித்தனம் ஆகியவற்றிலிருந்தும், கடனின் பளுவிலிருந்தும், மனிதர்களின் அடக்குமுறையிலிருந்தும் பாதுகாப்புத் தேடும் துஆ அது. கடனும் இயலாமையும் ஒரே வேண்டுதலில் இடம்பெற்றிருப்பதை ஆழ்ந்து சிந்தியுங்கள். கடன் நீங்க வேண்டும் என்று கேட்கும் நாவு, இயலாமை நீங்க வேண்டும் என்றும் கேட்கிறது. இயலாமை நீங்குவதற்கு நம் கையில் இருக்கும் வழி கற்றல் அல்லவா?

எந்தப் படிப்பு கடனைக் குறைக்கும்?

எல்லாப் படிப்பும் எல்லோருக்கும் பணமாக மாறிவிடாது. ஆகவே கடனுள்ள பெற்றோர், 'எது குறைந்த செலவில், குறைந்த காலத்தில், இப்போதுள்ள வேலையைவிட மேலான வேலைக்கு வழி திறக்கும்?' என்ற ஒரு கேள்வியை அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்கு முதற்படி 10ஆம் வகுப்புத் தேர்ச்சியே. தமிழக அரசுத் தேர்வுத் துறை நடத்தும் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் எழுதலாம். அங்கே ஒருமுறை சேர்ந்தால் அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு உண்டு. ஒரே மூச்சில் எல்லாப் பாடங்களையும் எழுத வேண்டியதில்லை. ஒரு பருவத்தில் இரண்டு பாடம், மறு பருவத்தில் ஒரு பாடம் என்று குடும்பப் பொறுப்புகளுக்கு ஏற்பப் பிரித்து எழுதிக்கொள்ளலாம்.

வளைகுடாவை நம்பியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இந்தத் தேர்ச்சி தனிப்பயன் உடையது. 10ஆம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் பொதுவாக ஈசிஆர் வகையில், அதாவது குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையில் அடங்குகிறது. சவூதி, அமீரகம், கத்தர், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது அவர் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அந்த வகையிலிருந்து வெளிவரும் வழிகளுள் 10ஆம் வகுப்புத் தேர்ச்சி ஒன்று. விசாவுக்காக லட்சக்கணக்கில் கடன் வாங்கிச் செல்லும் சகோதரர், அதற்கு முன் ஓராண்டு ஒதுக்கி இத்தேர்வை எழுதினால், சுமை தூக்கும் வேலைக்கு அப்பாலும் விண்ணப்பிக்கும் தகுதி அவருக்குக் கிடைக்கும்.

கையில் தொழில் இருந்தும் தாள் இல்லாதவர்கள் நம்மில் ஏராளம். இருபது ஆண்டுகளாக வயரிங் வேலை செய்பவர், ஏசி பழுது பார்ப்பவர், பற்றவைப்பவர் ஆகியோருக்குப் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. தெரிந்ததை மெய்ப்பிக்க வேண்டியதே அதிகம். மின்பணி செய்பவர்களுக்காக வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை நடத்துகிறது. ஏற்கெனவே பெற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் அரசுத் திட்டங்களும் உள்ளன. சான்று பெற்றவர் ஒப்பந்ததாரரின் கீழ் உதவியாளராகவே நின்றுவிட வேண்டியதில்லை.

முறையாகத் தொழில் கற்க விரும்புவோருக்கு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. ஆண்கள் 40 வயது வரை சேரலாம்; பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. பயிற்சிக் கட்டணம் இல்லை என்பதோடு, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. இவை பகல்நேரப் பயிற்சிகள் என்பதால், பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின் நேரம் கிடைக்கும் தாய்மார்களுக்குப் பொருந்தும். அவ்வளவு காலம் ஒதுக்க இயலாதவர்களுக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் தையல், உணவுப் பொருள் தயாரிப்பு, கைபேசி பழுதுபார்ப்பு போன்றவற்றில் குறுகிய காலப் பயிற்சிகளை இலவசமாக அளிக்கின்றன.

மதரஸாக்களில் ஓதி ஆலிமா பட்டம் பெற்று, திருமணத்துக்குப் பின் வீட்டோடு நின்றுவிட்ட சகோதரிகளும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா போன்ற படிப்புகள் அவர்களின் அரபி அறிவுக்குப் பல்கலைக்கழகச் சான்றைப் பெற்றுத் தரக்கூடியவை. ஓதியது வீணாகாமல், ஆசிரியப் பணிக்கான ஒரு படியாகவும் அது அமையலாம்.

அரசுப் பணிகளைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் உள்ளது. குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைத் தகுதி 10ஆம் வகுப்பே. போட்டி மிகக் கடுமையானது; ஒரு தேர்வை நம்பிக் கையில் உள்ள வேலையை விட்டுவிடுவது அறிவுடைமை ஆகாது. வயது வரம்பை அறிவிக்கையில் பார்த்துக்கொண்டு, வேலையோடு வேலையாகப் படிப்பவர்களுக்கு அது ஒரு நல்வாய்ப்பு.

தாயின் படிப்பு, தாயின் வருமானம்

தாய்மார்கள் படிப்பதைப் பற்றிப் பேசும்போது மார்க்கத்தின் ஒரு சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குடும்பத்துக்குச் செலவு செய்யும் கடமை கணவனுடையது. மனைவியின் மஹரும் சொத்தும் சம்பாத்தியமும் அவளுக்கே உரியவை. ஆகவே, 'நீ படித்துச் சம்பாதித்து என் கடனை அடை' என்று கட்டளையிடும் உரிமை எந்தக் கணவனுக்கும் இல்லை.

அவளே மனமுவந்து உதவினால் அது மிகப் பெரிய நற்செயல். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி), வசதி குறைந்த தம் கணவருக்குத் தம் பொருளைச் செலவிடலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கச் செய்தபோது, அதற்கு இரண்டு நன்மைகள் உண்டு என்று நபியவர்கள் அறிவித்தார்கள். உறவைப் பேணிய நன்மை ஒன்று; தர்மம் செய்த நன்மை மற்றொன்று.

ஆனால் அந்த இரட்டை நன்மையை அவள் இரட்டைச் சுமையால் பெற வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது. சமையலும், பாத்திரமும், துணியும், பிள்ளை வளர்ப்பும், மாமியாரின் மருந்தும் முழுவதுமாக அவள் தலையிலேயே இருக்க, அதற்கு மேல் படிக்கவும் செய் என்பது அநீதி. நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். மனைவி தேர்வுக்குப் படிக்கும் இரண்டு மணி நேரம் அடுப்படியைக் கணவர் பார்த்துக்கொண்டால் அவரது மதிப்பு குறைந்துவிடாது; ஒரு சுன்னத்தைப் பின்பற்றியவராகவே ஆவார்.

ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்களையும் நாம் மறந்துவிடக் கூடாது. நபியவர்களின் இல்லத்திலேயே திருமணமான ஒரு பெண் எழுத்தைக் கற்றார். அதற்கு நபியவர்களின் இசைவும் இருந்தது. அதைவிட உயர்ந்த முன்மாதிரியை எவர் காட்ட முடியும்?

கடனுக்கு மேல் கடன் ஆகிவிடாமல்

படிப்பே ஒரு புதிய கடனாகிவிட்ட வீடுகளும் உண்டு. ஆகவே சிலவற்றில் விழிப்பாக இருக்க வேண்டும்.

முதலாவது, கடனைத் தீர்ப்பதற்கான படிப்பை வட்டிக் கடனில் தொடங்கக் கூடாது. வேலை உறுதி என்று விளம்பரம் செய்து, மாதத் தவணையில் பெருந்தொகை வாங்கும் இணையவழிப் பயிற்சிகளைக் குறித்து மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். மேலே நாம் குறிப்பிட்டவற்றுள் பெரும்பாலானவை கட்டணமற்றவை, அல்லது தேர்வுக்கட்டணம் அளவிலேயே செலவாகக்கூடியவை.

இரண்டாவது, சான்றிதழின் மதிப்பைச் சேர்வதற்கு முன் விசாரியுங்கள். பள்ளித் தேர்ச்சி இல்லாமலேயே நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றுவிட்டு, அரசுப் பணிக்கு அது செல்லாது என்று பின்னர் அறிந்து வருந்தியவர்கள் பலர். 10ஆம் வகுப்பு, 12ஆம் வகுப்பு, அதன் பின் பட்டம் என்ற வரிசையே பாதுகாப்பானது. தொலைநிலைப் படிப்பாயின் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு உண்டா என்று பாருங்கள்.

மூன்றாவது, உங்கள் ஊரில் எதற்குத் தேவை இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஒரே தெருவில் பத்து தையல்காரர்கள் இருக்கும்போது பதினோராவதாக ஒருவர் பயிற்சி பெறுவதைவிட, கணக்கு எழுதவோ, முதியோரைப் பராமரிக்கவோ கற்றுக்கொள்வது பயன் தரலாம்.

நான்காவது, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கடனை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம். யாருக்கு எவ்வளவு, எந்த வட்டியில், எந்தத் தேதியில் என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். படிப்பால் கூடும் வருமானம் எந்தக் கடனுக்கு முதலில் செல்லும் என்பதையும், அது கைக்கு வருமுன்பே, இருவரும் கலந்து முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவு செய்யாத பணம் செலவுக்குத் தானே வழி தேடிக்கொள்ளும். அதிக வட்டியுள்ள கடன் முதலில் அடையட்டும்.

இவ்வளவும் செய்தாலும் உடனே பலன் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓராண்டு, ஈராண்டு பொறுக்க வேண்டியிருக்கும். அதற்கிடையே கடன் கொடுத்தவர்களிடம் ஒளியாமல், நேரில் சென்று அவகாசம் கேளுங்கள். சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் அளிக்குமாறும், மன்னித்துவிடுவது இன்னும் சிறந்தது என்றும் அல்பகரா அத்தியாயம் அறிவுறுத்துகிறது. கடன் கொடுத்த முஸ்லிமுக்கு இது விதிக்கப்பட்ட பண்பு.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

கடனோடு இறந்தவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தாமே தொழுகை நடத்தாமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பிறகே நபியவர்கள் தொழ வைத்தார்கள். பின்னர் வெற்றிகள் கிடைத்துச் செல்வம் வந்தபோது, கடனோடு இறக்கும் நம்பிக்கையாளரின் கடனை அடைப்பது தம் பொறுப்பு என்று அறிவித்தார்கள். தனி மனிதரின் கடன் சமுதாயத்தின் கவலையும் ஆகும் என்பதை இதிலிருந்து அறிகிறோம். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடன்பட்டோரும் இருக்கிறார்கள்.

நம் பைத்துல்மால்கள் அரிசி கொடுக்கின்றன, திருமணத்துக்கு உதவுகின்றன, மருத்துவத்துக்கு அள்ளிக் கொடுக்கின்றன. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் இப்போது உதவத் தொடங்கியுள்ளன. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு தந்தையின் தேர்வுக்கட்டணத்துக்கோ, ஒரு தாயின் பேருந்துச் செலவுக்கோ விண்ணப்பம் தந்தால் ஏற்கும் பைத்துல்மால்கள் எத்தனை? அந்தத் தாயின் மகளுக்கு ஐந்து ஆண்டு கழித்துக் கொடுக்கப்போகும் திருமண உதவியில் ஒரு சிறு பகுதியை இன்று தாயின் படிப்புக்குக் கொடுத்தால், அந்த விண்ணப்பமே வராமல் போகலாம். ஜகாத் நிதியை எந்த முறையில் இதற்குப் பயன்படுத்துவது என்பதை உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஸதகாவிலிருந்தும், அழகிய கடனாக வட்டியின்றியும் கொடுப்பதற்குத் தடையேதும் இல்லை.

பணம் அதிகம் தேவைப்படாத வேலைகளும் உள்ளன. காலை மாலை மக்தபுக்குப் பின் பூட்டிக்கிடக்கும் மதரஸாக் கட்டடத்தை, முற்பகலில் தாய்மார்களுக்கும் இஷாவுக்குப் பின் தந்தையருக்கும் படிக்கும் இடமாகத் திறந்துவிடலாம். மஹல்லாவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவராவது இருப்பார். வாரம் மூன்று நாள் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்க அவரை அழைக்கலாம். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளை ஜும்ஆவுக்குப் பின் அறிவிக்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தை விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அறிமுகப்படுத்தலாம். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த நான்கு இளைஞர்கள் போதும்.

வாணியம்பாடியில் 1919இலும், திருச்சியில் 1951இலும் கல்லூரிகளை எழுப்பிய நம் முன்னோரில் பலர் வணிகர்கள். தோல் விற்றும் துணி விற்றும் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கு வக்ஃப் செய்த சமுதாயம் இது. அவர்கள் பிள்ளைகளுக்காகக் கல்லூரி கட்டினார்கள். அந்தப் பிள்ளைகளைப் படிக்க அனுப்ப முடியாமல் கடனில் தவிக்கும் பெற்றோருக்கு ஓர் அறையையும் ஒரு விளக்கையும் ஒதுக்குவது நமக்குப் பெரிய காரியமா?

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள் எப்போது என்பதை இந்த வாரமே கேட்டறியுங்கள். வீட்டில் கணவனோ மனைவியோ படிக்க விரும்புவதாகச் சொன்னால் சிரித்துவிடாதீர்கள். "எந்த நேரம் உனக்குத் தோதானது, அந்த நேரத்துக்கு வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். ரிஸ்க்கை அளிப்பவன் அல்லாஹ். அதற்கான முயற்சியைக் கடமையாக்கியவனும் அவனே.

கடனின் பளுவையும் இயலாமையையும் நம்மிடமிருந்து அகற்றி, ஹலாலான வருவாயையும் பயனுள்ள கல்வியையும் நம் இல்லங்களுக்கு அல்லாஹ் அருள்வானாக! வட்டியின் வாடையே இல்லாத வீடுகளில் நம் பிள்ளைகளை வளரச் செய்வானாக! ஆமீன்.